‘தகவல் சென்றது’ என்று எழுதியவள் நான்

நீங்கள் நால்வரும் சேர்ந்து அனுப்பிய அட்டவணை வந்தது. புது கன்ட்ரோலருக்கு எந்த நெட்வொர்க் ஸ்டாக்கை எடுப்பது என்று மூன்றை வரிசையாகப் போட்டிருக்கிறீர்கள். எதிரே நினைவகம் எவ்வளவு தின்னும், வேகம் எவ்வளவு, லைசென்ஸ் எப்படி என்று கட்டம் கட்டமாக நிரப்பி, கீழே “மேடம், உங்கள் கருத்து?” என்று கேட்டிருக்கிறீர்கள். அழகான அட்டவணை. இதே அட்டவணையை நானும் ஒருமுறை போட்டேன், கிட்டத்தட்ட இதே கட்டங்களோடு. அதனால்தான் போனில் இரண்டு வார்த்தை சொல்லி முடிக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாக இருக்கிறதே என்று சலித்துக்கொள்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். பிறகு என்னிடம் வந்து நிற்கக்கூடாது.

இந்தத் தொழிலுக்கு நேற்று வந்தவர்களுக்காக ஒரு விளக்கம். நாம் செய்யும் பெட்டிக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. அது சொல்ல நினைப்பதை மோடம் வழியாக, சிம் கார்டு வழியாக, எங்கோ இருக்கும் சர்வரில் கொண்டுபோய்ச் சேர்க்கிற மென்பொருள்தான் ஸ்டாக். வாங்குகிறவர் அதைப் பார்க்கவே போவதில்லை. விற்கிறவருக்கும் அதன் பெயர் தெரியாது. அதனால் எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று தோன்றும்.

அப்போது எங்கள் கம்பெனி சேலத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தது. கறிக்கோழி ஷெட்டுகளுக்கு, விசிறியையும் சூட்டையும் கவனிக்கும் கன்ட்ரோலர் பெட்டி செய்துகொண்டிருந்தோம். உங்களில் இரண்டு பேர் கோழியைத் தட்டில்தான் பார்த்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், ஆகவே கேளுங்கள். இந்தப் பக்கம் ஈசி ஷெட் என்பார்கள். முந்நூறு நானூறு அடி நீளம். இரண்டு பக்கமும் கனத்த திரை போட்டு மூடியிருக்கும். ஒரு கோடியில் ஆளுயர விசிறிகள் காற்றை இழுக்கும், மறுகோடியில் தண்ணீர் வழியும் அட்டைகள் வழியாக அந்தக் காற்று குளிர்ந்து உள்ளே வரும். விசிறி ஓடுகிறவரை கோழிக்குச் சொர்க்கம். சித்திரை மாதத்து மத்தியானத்தில், பிடிக்கப்போகிற வயதுக் கோழி உள்ளே இருக்கும்போது, விசிறி நின்றால் கால் மணி நேரம். அதற்குள் திரையை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜெனரேட்டர் ஓட வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு விழத் தொடங்கிவிடும்.

ஆகவே எங்கள் பெட்டிக்கு ஒரு புது வேலை கொடுத்தோம். கரன்ட் போனாலோ, சூடு ஏறினாலோ, பெட்டிக்குள்ளேயே இருக்கும் பேட்டரியின் பலத்தில் பண்ணைக்காரரின் போனுக்கு உடனே தகவல் போக வேண்டும். அதற்குத்தான் ஸ்டாக் தேடினோம். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று விலைக்குக் கொடுத்தது. மோடத்துக்குள்ளேயே ஒன்று இருந்தது. மூன்றாவது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருந்த இலவச ஸ்டாக். நான் மூன்றாவதைத்தான் எடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். காசு மிச்சம் என்பது வெளியில் சொன்ன காரணம். உள்காரணம், அதன் மூலநிரலை நான் வரிவரியாகப் படித்திருந்தேன். படித்திருக்கிறேன் என்று நாலு பேர் நடுவில் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு மிதப்பு இருந்தது. இதை ஒளிக்க இனி எனக்கு என்ன அவசியம்?

சோதனையும் செய்தோம். குறை சொல்ல முடியாது. மேசை மேல் இரண்டு வாரம் ஓடவிட்டோம். ஆன்டெனாவைப் பிடுங்கினோம், சிம்மை உருவினோம், மோடத்தை அணைத்துப் போட்டோம். ஒவ்வொரு முறையும் ஸ்டாக் ‘தொடர்பு போச்சு’ என்று சொல்லியது, தானே மறுபடி இணைந்தது. ஒரு தகவல்கூடத் தவறவில்லை. முதலாளி எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக்கொடுத்தார்.

அப்புறம் பண்ணையில் மாட்டுவது. இங்கேதான் கோழிப்பண்ணைக்காரர்களின் ஒரு வழக்கம் குறுக்கே வருகிறது. ஷெட்டில் கோழி இருக்கும்போது வெளி ஆளை உள்ளே விடமாட்டார்கள். செருப்பில் ஒட்டிக்கொண்டு நோவு வந்துவிடும் என்ற பயம், நியாயமான பயம். அதிலும் அன்றைக்கு வேறு பண்ணைக்குப் போய்வந்தவர் என்றால் கேட்டோடு சரி, சொந்தத் தம்பியாக இருந்தாலும். எனவே எங்கள் பெட்டிகளை எல்லாம் ஒரு பேட்ச் கோழி போய், ஷெட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, அடுத்த குஞ்சு வரும் வரை சும்மா கிடக்கும் நாட்களில்தான் மாட்டுவோம். காலி ஷெட்டில் பெட்டி சோதனை முறையில் இருக்கும். பத்து விநாடிக்கு ஒருமுறை சூடு, ஈரப்பதம் என்று சர்வருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் ஒழுங்காக ஓடினால், குஞ்சு இறங்கிய அன்று போன் வரும். நான் சேலத்தில் உட்கார்ந்தபடியே சோதனை முறையை நிறுத்திவிடுவேன். அதன்பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டும் ‘இருக்கிறேன்’ என்று ஒரு வரி. மற்றபடி ஆபத்து வந்தால்தான் பேசும். சிம் டேட்டா மிச்சமாகும் என்று அந்த ஏற்பாட்டைச் செய்ததும் நான்தான்.

பெட்டியின் முகப்பில் சின்னத் திரை ஒன்று உண்டு. எச்சரிக்கை போனதும் அதில் என்ன காட்டுவது என்று பேச்சு வந்தது. ஆங்கிலத்தில் போட்டால் பண்ணையில் வேலை செய்கிறவர்களுக்கு என்ன புரியும் என்று சண்டை போட்டு, ‘தகவல் சென்றது’ என்று தமிழில் எழுதினேன். பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு. நிரலில் அந்த இடம் மிக எளிது. ஸ்டாக்கிடம் தகவலைக் கொடுப்போம். அது ‘சரி’ என்று சொல்லும். சொன்னவுடன் பச்சை.

நான் சொல்ல வந்த பண்ணை சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே இருந்தது. இரண்டு ஷெட். பண்ணைக்காரர் பெயர் பழனிசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வயது இருக்கும், லாரியும் வைத்திருந்தார். பண்ணையை அன்றாடம் பார்த்துக்கொண்டது மாரியப்பன் என்பவரும் அவர் மனைவி செல்வியும். எடப்பாடிப் பக்கம். பண்ணை ஓரத்திலேயே ஓர் அறை கொடுத்திருந்தார்கள், அதுதான் வீடு. மகள் பக்கத்துப் பள்ளியில் ஏழாவது படித்தாள். வேலை போனால் வீடும் போகும் என்கிற பிழைப்பு.

அன்று காலையில் நாமக்கல் பக்கம் வேறொரு பண்ணைக்கு ஒரு பெட்டியைச் சரிசெய்யப் போயிருந்தேன். காரை நானே ஓட்டிக்கொண்டு திரும்பி வரும்போது மணி இரண்டேகால். பழனிசாமியிடம் ஒரு கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. கேட்டிலேயே வாங்கிக்கொண்டு போகலாம் என்று திரும்பினேன். கார் நின்றதும் ஏதோ சரியில்லை என்று பட்டது. என்னவென்று ஒரு நிமிடம் பிடிபடவில்லை. பிறகு உறைத்தது, விசிறிச் சத்தம் இல்லை. அந்த ஷெட்டுகளின் இரைச்சல் ரோடு வரைக்கும் கேட்கும். அன்றைக்கு காக்கா கரைவது கேட்டது.

கேட்டைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டேன். செல்வி ஓடி வந்தாள். முகமெல்லாம் வியர்வை.

“கரன்ட் போயிருச்சுங்க மேடம். ஜெனரேட்டரு எடுக்க மாட்டீங்குது. அவரு பேட்டரி ஒயரைக் கழட்டி மாட்டிட்டு இருக்கறாருங்க.”

“எவ்வளவு நேரம் ஆச்சு?”

“பத்து நிமிசம் இருக்குமுங்க.”

“திரையை இறக்கினீங்களா?”

“அண்ணனைக் கேக்காமத் தெரைய எப்பிடிங்க தொடறது? போன பேட்ச்ல ஒருக்கா எறக்கிப்போட்டு வாங்கிக் கட்டிக்கிட்டமுங்க. அண்ணன் வந்துட்டே இருப்பாருங்க.”

“அவருக்குப் போன் பண்ணியாச்சா?”

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். “மெஷின்லயே போயிருச்சுங்களே. பச்சை எரியுதுங்க.”

போனை எடுத்து பழனிசாமியைக் கூப்பிட்டேன். சங்ககிரியில் லாரிப் பட்டறையில் இருந்தார். பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது.

“சொல்லுங்க அம்மிணி.”

“ஷெட்டுல கரன்ட் இல்லைங்க. ஜெனரேட்டரும் ஓடல. நீங்க கிளம்பிட்டீங்களா?”

“ஏனுங்க, எனக்கு ஒண்ணும் வரலீங்களே.”

ஏன் வரவில்லை என்று யோசிக்க அப்போது நேரம் இல்லை. திரையை இறக்கச் சொல்லலாமா என்று கேட்டேன். “எறக்கச் சொல்லுங்க, ரெண்டையும் எறக்கச் சொல்லுங்க” என்று கத்தினார். நான் கேட்டில் நின்று அதையே செல்வியிடம் கத்தினேன், அவள் மாரியப்பனிடம் ஓடினாள். அவர் ஜெனரேட்டரை அப்படியே போட்டுவிட்டு முதல் ஷெட்டுக்குப் பாய்ந்தார். திரையின் கம்பியைக் கையால் சுற்றி இறக்கும் வின்ச் ஷெட்டின் வெளிச்சுவரில் இருக்கிறது, ஒரு பக்கத்துக்கு ஒன்று. மெதுவாகத்தான் சுற்ற முடியும், அவசரப்பட்டால் கம்பி சிக்கிக்கொள்ளும். இரண்டு ஷெட், நான்கு வின்ச். உள்ளே இருப்பது இரண்டு பேர்.

போன் இன்னும் காதில்தான் இருந்தது. “நான் உள்ளே போய் ரெண்டாவது ஷெட்டை இறக்கட்டுமாங்க?” என்று கேட்டேன். “ஆனா காலைல வேற பண்ணைக்குப் போயிட்டு வந்திருக்கேன்.”

பட்டறையை விட்டு வெளியே வந்துவிட்டார் போல, சுத்தியல் சத்தம் நின்றது.

“அந்தப் பண்ணைல நோவு எதாச்சும் இருந்துச்சுங்களா அம்மிணி?”

“தெரியலைங்க.”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அங்கே எல்லாம் நன்றாகத்தான் இருந்தது போலத் தெரிந்தது. ஆனால் நான் கோழி வைத்தியம் படித்தவள் இல்லை. எனக்கு உண்மையிலேயே தெரியாது.

“போங்க” என்றார். “செருப்பைக் கழட்டிப் போட்டுட்டுப் போங்க. நான் வாரேன்.”

செருப்பைக் கழற்றி, கேட்டருகே இருந்த மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் முழங்கால் வரை காலை விட்டு நனைத்துக்கொண்டு ஓடினேன். தரை கொதித்தது. வின்ச்சின் கைப்பிடி அதைவிடக் கொதித்தது. துப்பட்டாவைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு சுற்றினேன். திரை ஒரு சாண் இறங்கியதும் உள்ளிருந்து ஒரு அனல் வந்து முகத்தில் அடித்தது. இடுக்கு வழியாகப் பார்த்தேன். வெள்ளையாக, நெருக்கமாக, எல்லாக் கோழியும் வாயைத் திறந்தபடி. சத்தம் போடத் தெம்பில்லை அவற்றுக்கு. நான் சுற்றச் சுற்ற, விழுந்த கோழி மேல் இன்னொன்று விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பதினைந்து நிமிடம் போல ஒரு நேரம் என் வேலைக் காலத்தில் வேறு இல்லை.

பழனிசாமி வந்து சேர்ந்தபோது நான்கு பக்கமும் திறந்திருந்தது. முதல் ஷெட் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டது. இரண்டாவதில் விசிறிக் கோடியில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. இன்னும் இரண்டு நாளில் பிடிக்க வேண்டிய கோழி. அவர் உள்ளே போய், காலால் மெதுவாக விலக்கி விலக்கி நடந்துவிட்டு, வாசலுக்கு வந்து நின்றார். மாரியப்பனும் செல்வியும் பத்தடி தள்ளி நின்றார்கள். நான் வின்ச் பக்கத்தில்.

அப்போது பழனிசாமியின் சட்டைப்பையில் போன் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தார். எங்கள் பெட்டியின் எச்சரிக்கை. ‘இரண்டு ஷெட்டிலும் மின்சாரம் இல்லை.’

டவரே இல்லையென்றால் எங்கள் போன் பேச்சு எப்படி நடந்தது? தகவல் சர்வரில் கிடந்து தாமதித்ததென்றால், இத்தனை மாதம் ஒருமுறைகூட அப்படி ஆனதில்லையே? பெட்டிக்குள் ஏதோ ஒன்று இந்தத் தகவலை வாங்கி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சும்மா இருந்திருக்கிறது. என்னவென்று தெரியவில்லை. ஆனால் இடம் எது என்று தெரிந்துவிட்டது.

“இப்ப வருது பாருங்க” என்று பழனிசாமி போனை என்னிடம் காட்டினார். “இந்தக் கருமம் பிடிச்ச டவரு பொழுதுக்கும் இப்படித்தான்.”

நான் போனை வாங்கி, தகவல் வந்த நேரத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் மாரியப்பன் பக்கம் திரும்பினார். “டவரு இல்லைன்னா மெஷின் என்ன பண்ணும்? நீ எதுக்குய்யா இருக்கற? ஒரு போன் போட முடியலையா உன்னால?”

“மெஷின்ல போயிருச்சுன்னு வந்துச்சுங்கண்ணா. அதான் நான் ஜெனரேட்டரைப் பாத்தனுங்க.”

“மெஷின் மேல பழியப் போடு.”

மாரியப்பன் என்னைப் பார்த்தார். நான் என் போனை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் முதலாளியைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். சந்தேகத்தையும் சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான், கெட்டவர் இல்லை. “லாக் எடுத்துட்டு வாங்க. உறுதியாத் தெரியாம அங்க வாயத் திறக்க வேண்டாம்” என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லக்கூடாது என்பதுதானே நம் தொழிலின் முதல் பாடம்? அப்படிச் சொல்லிக்கொண்டு, பெட்டியிலிருந்த பதிவுகளை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கையெழுத்தை மறந்துவிட்டேன்.

இரண்டு நாள் ஆனது கண்டுபிடிக்க. கேளுங்கள், இதுதான் நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை.

மொபைல் நெட்வொர்க்கின் நடுவில் இருக்கும் கருவிகள், யாரும் பேசாத இணைப்பைச் சில நிமிடங்களில் மறந்துவிடும். மறந்துவிட்டேன் என்று இந்தப் பக்கமும் சொல்லாது, அந்தப் பக்கமும் சொல்லாது. காலி ஷெட்டில் பத்து விநாடிக்கு ஒருமுறை பேசிக்கொண்டிருந்ததால் மறக்க அதற்கு நேரம் கிடைக்கவில்லை. கோழி வந்ததும் நான் பெட்டியின் வாயை அடைத்துவிட்டேன். அன்று மத்தியானம் கரன்ட் போனபோது பெட்டி பேசியது செத்துப்போன இணைப்பில். ஸ்டாக் தகவலை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டு ‘சரி’ என்றது. ‘வாங்கிக்கொண்டேன்’ என்பதுதான் அந்த ‘சரி’யின் பொருள், ‘சேர்த்துவிட்டேன்’ என்பதல்ல. பதில் வராததால் திரும்ப அனுப்பியது, கொஞ்சம் காத்திருந்து மறுபடி, இன்னும் அதிகம் காத்திருந்து மறுபடி. கடைசியில் கைவிட்டு, புதிதாக இணைந்து, அனுப்பி முடித்தபோது பழனிசாமி செத்த கோழிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். ஆன்டெனாவைப் பிடுங்கிச் சோதித்தபோது இது ஏன் தெரியவில்லை என்றால், பிடுங்கினால் மோடம் உடனே சொல்லிவிடும். இங்கே சொல்ல யாருமே இல்லை. ‘இருக்கிறேன்’ வரியும் ஒவ்வொரு முறையும் இப்படித்தான் பிந்தி வந்திருக்கிறது, அது எத்தனை மணிக்கு வந்தது என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

ஸ்டாக்கின் மேல் தப்பே கிடையாது. அது செய்தது ஒவ்வொன்றும் அதன் கையேட்டில் இருந்தது. வரிவரியாகப் படித்தவள் நான். படித்தும், அது வேகமாக ஓடுவதைப் பார்த்தேனே தவிர, எதிர்ப்பக்கம் பேச்சுமூச்சு இல்லாதபோது எவ்வளவு நேரம் பொறுத்திருக்கும் என்று பார்க்கவில்லை. உங்கள் அட்டவணையிலும் அந்தக் கட்டம் இல்லை. சேருங்கள். பதில் வராவிட்டால் எத்தனை விநாடியில் என்னிடம் சொல்லும்? அந்த நேரத்தை நான் மாற்ற முடியுமா? ‘சரி’ என்று அது சொன்னால் எது சரியாயிற்று? இந்த மூன்றுக்கும் நேரான விடை தராத ஸ்டாக் காகிதத்தில் எவ்வளவு வேகமாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். பிறகு இணைப்பை வாய்மூடிக் கொன்றுவிட்டுச் சோதியுங்கள். நடுவில் ஒரு கருவியை வைத்து, தகவல் பொட்டலங்களைச் சத்தமில்லாமல் விழுங்கச் சொல்லுங்கள். நாங்கள் கடைசியில் அதே இலவச ஸ்டாக்கைத்தான் வைத்துக்கொண்டோம். அரை நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரிடம் பேசி, பதில் வருகிறதா என்று பார்க்க வைத்தோம். பண்ணைக்காரர் தன் போனில் எச்சரிக்கையைத் தொட்டு ‘பார்த்தேன்’ என்று சொன்னால்தான் பச்சை எரியும். அதுவரை திரையில் ‘பதில் இல்லை, போன் செய்யவும்’ என்று சிவப்பில் நிற்கும். அந்த வரியையும் நானே எழுதினேன்.

அலுவலகக் கதை இதோடு முடிந்தது. முதலாளி மூன்றாம் நாளே பழனிசாமியைக் கூப்பிட்டுப் பேசச் சம்மதித்தார். நான்தான் பேசினேன். டவர் காரணமில்லை, எங்கள் பெட்டிதான், திரையில் வந்த வரி பொய், அதை எழுதியது நான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே அம்மிணி” என்றார். “நேத்துத்தான் மாரியப்பனைக் கணக்கு முடிச்சு அனுப்பி வெச்சேன்.”

ஒரு மாதம் போனது. பழனிசாமி இரண்டு முறை ஆள் அனுப்பியும் மாரியப்பன் வரவில்லை என்று தெரிந்தது. விலாசம் வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை எடப்பாடிக்குப் போனேன். ஒரு தறிக்கூடத்தில் கூலிக்குத் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். நாலு தறி ஒன்றாக ஓடும் சத்தத்தில் எதுவும் பேச முடியாது. என்னைப் பார்த்ததும் தறிகளைப் பக்கத்தில் நின்றவரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வாங்க மேடம். ஊட்டுக்கு வந்திருக்கலாமுங்களே. செல்வி இருக்கறா.”

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். போனில் பழனிசாமியிடம் சொன்னதைவிட எளிமையாகச் சொல்ல முயன்றேன். பச்சை விளக்கு பொய் சொன்னது, நீங்கள் செய்ததில் தப்பே இல்லை, இருந்த இரண்டு வேலையில் ஒன்றை மெஷின் முடித்துவிட்டது என்று நம்பி மற்றதைப் பார்த்தீர்கள், யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள் என்றேன். மன்னிப்புக் கேட்டேன். பழனிசாமி திரும்ப வரச் சொல்கிறார் என்பதையும் சொன்னேன்.

“புள்ளய இங்க பள்ளிக்கூடத்துல சேத்தியாச்சுங்க” என்றார். “ஒண்ணு கேக்கட்டுங்களா? அன்னிக்கு அண்ணன் போன்ல மணி அடிச்சப்ப உங்க மூஞ்சியப் பாத்தனுங்க. அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருச்சுங்களா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “சந்தேகம் வந்துச்சு. ஆனா உறுதியாத் தெரியலைங்க. அதனாலதான் சொல்லல.”

அவர் தலையை ஆட்டினார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தாங்க எளிதாக இருந்திருக்கும்.

“தெரியலைன்னு மெஷின் சொல்லியிருந்தா நான் போன் போட்டிருப்பனுங்க மேடம். தெரியலைன்னு நீங்க சொல்லியிருந்தா அண்ணன் எங்களை இருங்கன்னுருப்பாருங்க.”

உள்ளே ஒரு தறி நின்றது. இழை அறுந்திருக்க வேண்டும். “போய்ப் பாத்துட்டு வாரனுங்க” என்று சொல்லிவிட்டு மாரியப்பன் உள்ளே போனார். அந்தத் தறி மறுபடி ஓடத் தொடங்கியது. நான் வெயிலில் வெகுநேரம் நின்றேன். அவர் வெளியே வரவில்லை.